மறுமொழி: கால்பந்து விதி 12, 'ரெக்லெஸ்' என்பதற்குத் தமிழ்ச்சொல்

குழு நண்பர்களுக்கு வணக்கம். கால்பந்து விதிகளில் வரும் 'ரெக்லெஸ்' (reckless) என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற நம் பேச்சுக்கு என் பதில் இது.

> 'முரட்டுத்தனமான' என்று வைத்தால் எல்லாருக்கும் புரியும். இதற்கு மேல் தேட வேண்டாம்.

புரியும். ஆனால் தவறாகப் புரியும். எதிராளி மீது நிகழும் குற்றங்களை 12ஆம் விதி மூன்று படிகளாகப் பிரிக்கிறது. முதல் படி 'கேர்லெஸ்', அதாவது கவனக்குறைவு; அதற்கு ஃபிரீ கிக்கோ பெனால்டியோ கொடுப்பதோடு சரி, அட்டை இல்லை. இரண்டாவது 'ரெக்லெஸ்'; மஞ்சள் அட்டை. மூன்றாவது அளவு மீறிய விசை, சிவப்பு அட்டை. 'முரட்டுத்தனம்' என்று கேட்டதுமே மனம் மூன்றாம் படிக்குத் தாவிவிடுகிறது. மஞ்சள் காட்டிய நடுவரிடம், "முரட்டுத்தனம் என்றால் வெளியேற்ற வேண்டாமா?" என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயமும் இருக்கும்.

ஒரே காட்சியை எடுத்துக்கொள்வோம். விங்கர், அதாவது மைதானத்தின் ஓரமாக ஆடும் தாக்குதல் ஆட்டக்காரர், பந்தை முன்னே தட்டிவிட்டு ஓடுகிறார். தடுக்க வந்தவர் அரை நொடி பிந்திவிட்டார். காலை நீட்டுகிறார், பந்து போய்விட்டது, விங்கர் தடுக்கி விழுகிறார். இது கவனக்குறைவு, அவ்வளவுதான். அவரே முழு வேகத்தில் சறுக்கி வந்து, தன் கால் எங்கே போய் நிற்கும் என்று பாராமல் கணுக்காலை வாரிவிட்டால் இரண்டாம் படி. இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்பி, பூட்ஸின் அடிக்குமிழ்கள் எதிராளியின் கணைக்காலில் பதிந்தால் மூன்றாம் படி.

நடுப்படியில் நிற்பவர் முரடராக இருக்க வேண்டியதில்லை. மிகச் சாதுவான ஆட்டக்காரரும் அப்படிச் சறுக்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன். எதிராளிக்கு என்ன ஆகும் என்ற எண்ணம் மட்டும் அந்த நொடியில் அவரிடம் இருப்பதில்லை. விதியின் விளக்கமும் இதைத்தான் சொல்கிறது: எதிராளிக்கு நேரக்கூடிய ஆபத்தையோ விளைவையோ பொருட்படுத்தாமல் செயல்படுவது.

ஆகவே என் பரிந்துரை: விளைவெண்ணாமை.

'அசட்டை' நல்ல சொல்தான், ஆனால் முதல் படிக்கும் பொருந்தும். இரண்டையும் பிரித்துக் காட்டாது. 'பொறுப்பின்மை' மிக அகலம். 'எண்ணாத்துணிவு' ஓசையில் அழகாக இருக்கிறது, என்றாலும் துணிவு நாம் பாராட்டப் பயன்படுத்தும் சொல். அதைக் குற்றத்துக்குச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

> சொல் நீளம். மைதானத்தில் நடுவர் இதைச் சொல்லிக்கொண்டிருப்பாரா?

மைதானத்தில் சொல்ல வேண்டியதில்லை, அங்கே அட்டை பேசிவிடும். கென் ஆஸ்டன் என்ற இங்கிலாந்து நடுவர் போக்குவரத்து விளக்கைப் பார்த்து மஞ்சள், சிவப்பு நிறங்களை யோசித்ததே நடுவரின் முடிவுக்கு மொழி குறுக்கே நிற்கக் கூடாது என்பதற்காகத்தான். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் முதன்முதலாக வந்தன. நமக்குச் சொல் தேவைப்படும் இடங்கள் வேறு: புதிய நடுவர்களுக்கான வகுப்பு, வர்ணனை, ஆட்டம் முடிந்தபின் எழுதும் அறிக்கை.

இதோடு இன்னொரு சிக்கலையும் தீர்த்துவிட வேண்டும். நடுவர் ஆட்டக்காரரை அருகே அழைத்து வாயால் சொல்வதையும் 'எச்சரிக்கை' என்கிறோம், மஞ்சள் அட்டையையும் 'எச்சரிக்கை' என்கிறோம். முன்னது கணக்கில் ஏறாது. பின்னது ஏறும்; அதே ஆட்டத்தில் இன்னொன்று வாங்கினால் வெளியேற்றம். இவ்வளவு வேறுபட்ட இரண்டுக்கு ஒரே பெயர் இருப்பது ஆட்டக்காரருக்குச் செய்யும் அநீதி. வாய்ச்சொல்லைக் 'கண்டிப்பு' என்போம், அட்டைக்கு மட்டும் 'எச்சரிக்கை'யை ஒதுக்குவோம்.

'விளைவெண்ணாமை' வினையடையாக 'விளைவெண்ணாது' என்று வரும். அறிக்கையில் இப்படி அமையும்: "63ஆம் நிமிடம். 5ஆம் எண் ஆட்டக்காரர் எதிராளியின் காலை விளைவெண்ணாது வாரினார். எச்சரிக்கை." அதே வரியில் 'முரட்டுத்தனமாக' என்று மாற்றிப் போட்டு வாசித்துப் பாருங்கள். நடுவர் தண்டனையைக் குறைத்துவிட்டார் என்றே தோன்றும்.

அன்புடன்.