சாக்கு கட்டி நாத்து நட்டவங்க: உங்க வீட்டுல யாராவது?

தட்டோன் பேரன்:
பர்மாவை ஜப்பான்காரன் பிடிச்சு வச்சிருந்த காலத்துக் கதை எல்லார் வீட்டுலயும் இருக்கும், நேரா விஷயத்துக்கு வர்றேன். 2009. அரிசி மூட்டை வந்து இறங்குச்சு. எங்க அப்பாயி சணல் சாக்கோட ஓரத்தை எடுத்து மணிக்கட்டுல தேய்ச்சுப் பார்த்துச்சு. "இது அறுக்கும்டா, இடுப்புல நிக்காது." நான் சிரிச்சுட்டேன். அப்புறம்தான் சொல்லுச்சு. 1943ல அதுக்குப் பதினாலு வயசு. இந்தியாவுலேருந்து வந்த துணி கப்பலோட நின்னு போச்சு. நெல்லை வாங்கவும் ஆளில்ல, மில்லுல சாக்கு மட்டும் கிடந்துச்சு. இருந்த ஒரே லுங்கியை அக்காவும் தங்கச்சியும் முறை வச்சுக் கட்டிக்குவாங்களாம். வயலுக்குச் சாக்குதான். நனைஞ்சா தொடையை அறுக்கும், அந்தப் புண்ணோட சேத்துல நின்னு நாத்து நட்டிருக்கு. நான் சிரிச்சது இன்னும் உறுத்துது.

பெகு மருமகள்:
எங்க மாமியார் வீட்டுல ஆம்பளைங்க மூணு பேரையும் ஜப்பான்காரங்க பர்மாவுக்கும் சயாமுக்கும் (தாய்லாந்து) நடுவுல போட்ட ரயில் பாதை வேலைக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க. எருமையைச் சிப்பாய்ங்க அடிச்சுத் தின்னாச்சு. மாமியாரும் நாத்தனாரும் வயலை மண்வெட்டியாலேயே கொத்திப் புரட்டினாங்களாம். பக்கத்து வயல்ல நட்டதுக்குக் கூலி ஜப்பான் நோட்டு. 1945ல வெள்ளைக்காரன் திரும்பி வந்து செல்லாதுன்னுட்டான். ஒரு கட்டு இன்னும் பெட்டியில கிடக்கு.

ரங்கோன் பழசு:
தட்டோன் தம்பி, எல்லார் வீட்டுலயும்னு சொல்லாதீங்க. எங்க ஆளுங்க 1942லேயே மேற்கு பர்மாவுல இருக்கிற அரக்கான் வழியா நடந்து இந்தியா போயிட்டாங்க. வழியில ஒரு பிள்ளையைப் புதைச்சதைத் தவிர என் தாத்தா எதையும் சொன்னதில்ல.

இனிமே பாட்டிங்ககிட்ட இந்தக் கதையைக் கேக்கப் போறவங்களுக்கு ஒண்ணு. வருஷம் கேக்காதீங்க, குழம்பிடுவாங்க. தடிஞ்சு விளக்குக்கு (அக்டோபர் வாக்குல வர்ற பர்மாக்காரங்க விளக்குப் பண்டிகை) முன்னாலயா பின்னாலயான்னு கேளுங்க, டக்குன்னு சொல்வாங்க. என்ன சாப்பிட்டீங்கன்னு ஆரம்பிங்க. மகன், பேரனை வெளிய அனுப்பிட்டுக் கேளுங்க. இடுப்புல கட்ட ஒண்ணும் இல்லாம நின்ன கதையை ஆம்பளை முன்னால சொல்ல மாட்டாங்க, உங்க அப்பாயிக்குச் சாக்கு வாயைத் திறந்துவிட்டுச்சு, அவ்வளவுதான். கையில காய் நறுக்கக் குடுங்க. ஃபோனை மூஞ்சிக்கு நேரா நீட்டாதீங்க. அந்த ஜப்பான் நோட்டையும் பாருங்கம்மா, அதுல அடிச்சிருக்கிற இங்கிலீஷ் எழுத்து பி-யில ஆரம்பிச்சா பர்மாவுக்கு அடிச்சது, எம்-னா மலாயாவுக்கு. பிளாஸ்டிக் கவர்ல போடாதீங்க, இங்க மழைக்குப் பூஞ்சை பிடிக்கும்.

பெகு மருமகள்:
பார்த்துட்டேன் அண்ணே, பி-தான். காய் நறுக்கக் குடுக்கத்தான் ஆளில்ல, மாமியார் போய் ஆறு வருஷமாச்சு.