எக்ஸ்வி6: ஒரு கோரில் ஓடும் கெர்னல், 3 கோர்களில் துவங்கும்போதே விழுகிறது

விடுதி_விளக்கு:
வணக்கம். ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கான எக்ஸ்வி6 (பாடத்துக்கான சிறிய இயங்குதளம்) கெர்னலில் முன்னுரிமை வரிசைகளைச் சேர்க்கிறேன். அடுத்து எந்தப் புரோசஸ் ஓடுவது என்று தேர்ந்தெடுக்கும் ஷெட்யூலர் ஃபங்ஷனுக்குள் 8 வரிசைகள், வரிசைக்கு 64 புரோசஸ் பாயின்டர்கள் என்று ஓர் அர்ரே வைத்திருக்கிறேன். கியூஎமு எமுலேட்டரில் ஒரே கோர் (செயலிக் கரு) கொடுத்தால் ஷெல் வரை வந்துவிடுகிறது. 3 கோர்கள் கொடுத்தால், மற்ற கோர்கள் துவங்கிய செய்தி வந்த கையோடு கெர்னல்ட்ராப் பேனிக், அதாவது கெர்னலுக்குள்ளேயே பிழை வந்து எல்லாம் நின்றுவிடுகிறது. காரண எண் 15 (எழுத முடியாத பக்கத்தில் எழுதப் போனது). தவறிய முகவரி 80000 என்று தொடங்குகிறது. ஜிடிபி டீபக்கரில் பார்த்தால், கோர் 0-இன் கடைசி வரிசையின் கடைசி இடங்களில் நான் எழுதாத எண்கள். லாக் (ஒரே தரவை இரு கோர்கள் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டு) எங்கோ விட்டுப்போயிற்று என்று மூன்று இரவுகளாகத் தேடுகிறேன்.

கரையோரம்:
அர்ரேயைப் பூஜ்யமாக்கினீர்களா? லோக்கல் மாறியில் பழைய குப்பை இருக்கும்.

விடுதி_விளக்கு:
முதல் வரியிலேயே ஆக்கிவிட்டேன், அண்ணா. பிறகுதான் மாறுகிறது.

பழைய_பைட்:
தம்பி, லாக்கை விடுங்கள். 8 வரிசை × 64 பாயின்டர் × 8 பைட் எவ்வளவு? 4,096. துவக்கத்தில் ஒவ்வொரு கோருக்கும் எக்ஸ்வி6 கொடுக்கும் ஸ்டாக்கும் (லோக்கல் மாறிகளும் திரும்பும் முகவரிகளும் இருக்கும் நினைவிடம்) சரியாக 4,096 பைட்தான். உங்கள் அர்ரே ஒன்றே அதை முழுக்க விழுங்கிவிட்டது.

அந்த ஸ்டாக்குகள் அடுத்தடுத்து ஒட்டிக் கிடக்கின்றன. ஸ்டாக் கீழ்நோக்கி வளர்வதால் கோர் 1 வழிந்தால் கோர் 0-இன் உச்சியில்தான் எழுதும். அங்கேதான் உங்கள் கடைசி வரிசை இருக்கிறது. கோர் 1 எழுதிய திரும்பும் முகவரியைக் கோர் 0 புரோசஸ் என்று நம்பி, அதன் லாக்கைப் பிடிக்கப் போகிறது. அந்த முகவரி கெர்னலின் நிரல் இருக்கும் நினைவகப் பக்கத்தில் உள்ளது, அங்கே எழுத அனுமதி இல்லை. உங்கள் 15-உம் 80000-உம் அதுதான். ஒரு கோரில் தப்பித்ததும் சரியானதால் அல்ல. கீழே மிதிபட்டது உடனே தேவைப்படாத ஏதோ ஒன்று.

புரோசஸ்களின் கெர்னல் ஸ்டாக்குகளுக்குக் கீழே காவல் பக்கம் உண்டு. வழிந்தால் உடனே பிடிபடும். துவக்க ஸ்டாக்குக்கு அது கிடையாது. ஷெட்யூலரோ திரும்பி வராமல் கடைசிவரை அதே ஸ்டாக்கில்தான் ஓடுகிறது. பாடம் நடத்துபவர்கள் இதை முதல் வாரத்திலேயே அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் தீராத ஆதங்கம். எத்தனை பிள்ளைகள் இல்லாத லாக்கைத் தேடித் தூக்கம் இழக்கிறார்கள்!

கரையோரம்:
அப்படியானால் ஸ்டாட்டிக் என்று போட்டால் போதுமே?

பழைய_பைட்:
போதாது. எல்லாக் கோர்களும் ஒரே அர்ரேயைத் தொடும். அப்போதுதான் உண்மையிலேயே லாக் தேவைப்படும். அர்ரேயே வேண்டாம். ஒவ்வொரு புரோசஸ் அமைப்பிலும் அதன் வரிசை எண்ணை வையுங்கள். புரோசஸ் பட்டியலின் 64 இடங்களைச் சுற்றிவருவது பெரிய வேலையில்லை. ஜிசிசி கம்பைலரில் ஃப்ரேம் (ஒரு ஃபங்ஷன் ஸ்டாக்கில் எடுக்கும் இடம்) அளவு எச்சரிக்கையையும் 1,024 பைட்டுக்கு வையுங்கள். எக்ஸ்வி6 எச்சரிக்கைகளைப் பிழையாக எடுத்துக்கொள்வதால் பில்டே நின்றுவிடும்.

விடுதி_விளக்கு:
பழைய நிரலில் எச்சரிக்கையை மட்டும் சேர்த்துப் பார்த்தேன். ஷெட்யூலர் வரியிலேயே பில்ட் நின்றது. அர்ரேயை எடுத்துவிட்டேன். 3 கோர்களிலும் 8 கோர்களிலும் ஷெல் வருகிறது. மிக்க நன்றி, ஐயா.