சுருக்கப் பேரில் மாட்டியவர்கள் சொல்லுங்க

பாளை மருமகன்:
போன மாசம் மாமாவோடு பாளையங்கோட்டையில் ஒரு லேபுக்குப் போனேன். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்த பிள்ளை, "சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க அண்ணாச்சி, பி.பி. பாக்கணும்" என்றது. வெளியே வந்ததும் மாமா, "பிரஷர் பாக்க எதுக்குடே சாப்பிடணும், உப்பு தின்னா ஏறிரும்லா" என்று மோர்கூடத் தொடவில்லை. பத்தரை மணிக்குச் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, பட்டை கட்டுவார்கள் என்று கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பிள்ளை ஊசியோடு வருகிறது. சாப்பிட்ட பிறகு பார்க்கிற சர்க்கரைக்கு போஸ்ட் பிராண்டியல் என்று பேராம், அதைத்தான் சுருக்கி பி.பி. என்றிருக்கிறது. எதிர்க்கடையில் நாலு இட்லியை விழுங்கி மறுபடி ரெண்டு மணி நேரம் பெஞ்சில். நானும் பிரஷர் என்றுதான் நினைத்தேன், அதை இதுவரை மாமாவிடம் சொல்லவில்லை.

கோர்ட் வாசல்:
இது தமிழ் எழுத்து செய்கிற வேலை, இங்கிலீஷில் பிரஷர் BP, சாப்பிட்ட பிறகு சர்க்கரை PP, ரெண்டும் வேற எழுத்து. எங்களுக்கு பி.பி. என்றால் பப்ளிக் பிராசிகியூட்டர், அரசு வக்கீல். ஒரு ஆச்சியிடம் "பி.பி. இன்னைக்கு வரல, வாய்தாதான்" என்றேன். "வரலைன்னா நல்லதுதானய்யா, எனக்குத் தினமும் வருது" என்றாள்.

கே.டி.சி. நகர்:
எழுத்துமேல் பழி போடாதீங்க வக்கீலே. கோவாவில் பனாஜிக்குப் போய் இறங்கினால் பஸ்ஸில் கே.டி.சி. என்று எழுதியிருக்கு, இங்கிலீஷில்தான், அதே மூணு எழுத்து. நம்ம நெல்லை கே.டி.சி.யான கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் நம்ம ஊரிலேயே பேர் மாறிப்போச்சு, இங்க எப்படி ஓடுதுன்னு ஒரு நிமிஷம் வாயடைச்சு நின்னேன். அது கதம்பா டிரான்ஸ்போர்ட் கார்ப்பரேஷன்.

மணியாச்சி மச்சான்:
என் மச்சினன் ரயில் டிக்கெட் எடுக்கையில் ஸ்டேஷன் குறியீட்டில் நடு எழுத்தை விட்டுட்டான். டி.இ.என். திருநெல்வேலி, டி.என். தூத்துக்குடி. விடிகாலை, ரெண்டு ஊருக்கும் பாதை பிரியுற மணியாச்சியில் மூட்டையோடு இறங்கினோம். அதனால எல்லாரும் குறியீட்டை விடுங்க, ஊர்ப் பேரை முழுசா வாசிச்சிட்டு பணம் கட்டுங்க. பாளை மருமகன், உங்களுக்கும் ஒண்ணு: அந்த ரெண்டு மணி நேரத்தைக் கை கழுவினதிலிருந்து எண்ணக்கூடாது, முதல் வாய் வைச்சதிலிருந்து எண்ணணும். சீட்டில் சுருக்கமா எழுதியிருந்தா அங்கேயே கேட்டு, பக்கத்தில் தமிழில் எழுதி வாங்குங்க. மாமாவுக்கு இட்லியோட சட்னி ஓகே, சாம்பாரில் உருளைக்கிழங்கு…

பாளை மருமகன்:
அண்ணாச்சி, சர்க்கரை சரியாத்தான் இருக்கு. பிரஷர்தான் அன்னைக்கு ஏறிப்போச்சு.