மறு: மறு: புரொபோர்ஷனாலிட்டிக்கு ஒரு சொல் (அவசரம்)

ஈசூன் ஆசிரியை:
வணக்கம். சனிக்கிழமை உயர்நிலை நான்கு மாணவர்களுக்கு சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டம் பற்றிப் பட்டறை. துண்டேடு நாளை மாலை அச்சுக்குப் போக வேண்டும். குற்றத்துக்கும் தண்டனைக்கும் இடையிலான 'புரொபோர்ஷனாலிட்டி'யில் மாட்டிக்கொண்டேன். 'விகிதாசாரம்' என்று போட்டால் என் மகன், "இது கணக்குப் பாடமா?" என்கிறான்.

தெம்பனிஸ் ஐயா:
அம்மா, ஏன் அலைகிறீர்கள்? குறள் 561: 'தக்காங்கு நாடித் தலைச்செல்லா வண்ணத்தால் ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து.' தக்கபடி ஆராய்ந்து, குற்றம் மீண்டும் நடக்காதபடி, அதற்கு ஒப்ப ஒறுப்பவன், அதாவது தண்டிப்பவன், வேந்தன். குற்றத்துக்கு ஒப்ப ஒறுத்தல் என்றே பரிமேலழகரும் உரை சொல்கிறார். ஆகவே 'ஒத்தொறுப்பு'. 'தண்டனை'யே வேண்டாம். தண்டு என்ற கோலிலிருந்துதான் தண்டம் பிறந்தது என்பது என் கட்சி, மறுப்பவர்கள் மறுக்கட்டும். கோல் அடிக்கவும் உதவும், அளக்கவும் உதவும். அளவுகோல், துலாக்கோல், செங்கோல் மூன்றும் ஒரே கோல்தான் என்று...

பீஷான் (நீதிமன்ற மொழிபெயர்ப்பு):
ஐயா, மன்னிக்கணும். கூண்டில் நிற்பவரிடம் 'ஒத்தொறுப்பு' என்றால், "நான் எதையும் ஒத்துக்கலையே" என்று பதறுவார். 'தண்டனைப் பொருத்தம்' போதும்.

ஈசூன் ஆசிரியை:
பொருத்தமா? பத்துப் பொருத்தமும் பார்க்கணுமா என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

கிளமெண்டி (சட்ட மாணவி):
சிரிப்பு இருக்கட்டும், இந்தச் சொல்லுக்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. இந்த வகைக் குற்றத்துக்கு இந்தத் தண்டனை தகுமா? அதை நாடாளுமன்றம் அளக்கிறது. இந்த ஆளுக்குத் தகுமா? அதை நீதிபதி அளக்கிறார். கட்டாயத் தண்டனை வந்தால் இரண்டாவது கேள்வி அடைபட்டுவிடும். தூய ஹெராயின் 10 கிராமுக்கு மேல் 15 வரை கடத்தினால் குறைந்தது 20 ஆண்டுச் சிறை. அதற்கு மேல் எவ்வளவு என்பதில் நீதிபதிக்கு இடம் உண்டு. 15-ஐத் தாண்டினால், 2013க்கு முன், மரணம் மட்டும்தான்.

1980இல் ஓங் ஆ சுவான் வழக்கில், அப்போது நம் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது இதுதான்: அரசமைப்பின் 12ஆம் பிரிவு தரும் சமத்துவம், ஒரே வகைக்குள் இருப்பவர்களைப் பிரித்து நடத்தாதே என்கிறது, எடையை வைத்து வகை பிரிப்பதைத் தடுக்கவில்லை. 2010இல் யோங் வுய் கோங் வழக்கிலும் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் கட்டாய மரண தண்டனை செல்லும் என்றது. இந்திய உச்ச நீதிமன்றம் 1983இல் மித்து வழக்கில் நேர்மாறாக, ஆயுள் கைதி கொலை செய்தால் மரணம் மட்டுமே என்ற இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 303ஆம் பிரிவைச் செல்லாது என்று தள்ளியது. இங்கே மாற்றம் நாடாளுமன்ற வழியாக வந்தது. 2013 முதல், தான் வெறும் பொருள் சுமந்தவர் என்று நிரூபித்து, கடத்தலை முறியடிக்கக் கணிசமாக உதவினார் என்று அரசாங்க வழக்கறிஞரின் சான்றிதழும் கிடைத்தால், ஆயுள் தண்டனையும் குறைந்தது 15 பிரம்படியும் விதிக்கலாம். ஆக, சான்றிதழ் தருபவர் கையிலும் ஒரு கோல் இருக்கிறது ஐயா!

தெம்பனிஸ் ஐயா:
அட. அப்படியென்றால் 'தக்காங்கு நாடுவது' ஒரு வேலை, 'ஒத்தாங்கு ஒறுப்பது' இன்னொரு வேலை. வள்ளுவரின் வேந்து இரண்டையும் ஒருவராகவே செய்தார். நமக்குத்தான் ஆள் பிரிந்துவிட்டது. சொல்லும் இரண்டு வேண்டும்: ஆளை நாடுவது 'தகவு', குற்றத்துக்கு ஒப்புவது 'ஒப்பு'.

பீஷான்:
தகவுக்கும் தகவலுக்கும் நூலிழைதான் வித்தியாசம். அச்சில் நிச்சயம் மாறிவிடும்.

ஈசூன் ஆசிரியை:
கோப்பி மூன்றாவது கோப்பை. 'குற்றத்துக்கேற்ற தண்டனை', 'ஆளுக்கேற்ற தண்டனை' என்று இரண்டாகவே எழுதிவிட்டேன். கலைச்சொல் இல்லைதான், ஆனால் புரிகிறது. ஒத்தொறுப்பை அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறேன். நால்வரில் மூவர் சரி என்றால் அனுப்பிவிடுகிறேன்.

கிளமெண்டி:
சரி. 'ஆளுக்கேற்ற' மட்டும் கொஞ்சம் இடிக்கிறது. பணக்காரனுக்கு ஒன்று, ஏழைக்கு ஒன்று என்று படித்துவிடுவார்கள்.

பீஷான்:
சரி.

தெம்பனிஸ் ஐயா:
வள்ளுவரை அடைப்புக்குறிக்குள் பூட்டியதற்கு என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். எழுத்துப்பிழை பார்க்க வேண்டுமானால் இரவு பத்து வரை விழித்திருப்பேன்.