ஆர்டர் பாதியாயிருச்சு, ஷெட்டைத் திறக்கவே மனசு வரல. என்ன செய்யலாம்?

பவர்டேபிள்18:
திருப்பூர்ல 18 தையல் மெஷின், அடுத்தவங்க துணியைக் கூலிக்குத் தைச்சுக் கொடுக்கிற ஜாப் ஒர்க் மட்டும்தாங்க. 2025 ஆகஸ்ட் 27-ல இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட கூடுதல் வரி 50 சதவீதம் ஆனதுல இருந்து வேலை பாதிதான். வேலை தர்ற ரெண்டு பார்ட்டிகிட்ட மூணு மாசப் பில் நிக்குது. சனிக்கிழமைச் சம்பளத்தை நெனச்சா வியாழக்கிழமையே கை ஓடமாட்டேங்குது. ஆறுதல் வேண்டாங்க, செய்யக்கூடியதாச் சொல்லுங்க.

கணக்குநோட்டு:
இன்னும் எத்தனை நாள் தாங்கும்னு தெரியாம இருக்கிறதுதான் மனசை அதிகமா அரிக்குதுங்க. ஒரு நோட்டுல அடுத்த 13 சனிக்கிழமையை வரிசையா எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் நேரா வரவு, சம்பளம், வாடகை, கரண்ட், தவணை, வீட்டுச் செலவு, மிச்சம். மிச்சத்தை அடுத்த வரிக்கு ஏத்துங்க. எந்தச் சனிக்கிழமை மைனஸ் வருதோ, அதுவரைக்கும் உங்களுக்கு நேரம் இருக்கு. "தர்றேன்"னு பார்ட்டி சொன்ன பணத்தை வரவுல போட்டா மொத்தக் கணக்கும் பொய்யாயிரும். வீட்டுச் செலவை விட்டாலும் அப்படித்தான். பென்சில்லயே எழுதுங்க, திங்கக்கிழமைதோறும் திருத்தணும்.

ஓவர்லாக்:
மெஷின் சும்மா நிக்குதேன்னு கெடைச்ச ரேட்டுக்கு எடுத்துறாதீங்க அண்ணா. உதாரணத்துக்கு ஒரு பீஸுக்கு டெய்லர் கூலி 8 ரூபா, நூல், கரண்ட், செக்கிங் 3 ரூபான்னு வைங்க. 11-க்கு மேல வர்ற ஒவ்வொரு காசும் வாடகைக்கு உதவும். 10.50-க்கு எடுத்தா 10,000 பீஸுல 5,000 ரூபா கைக்காசு போயிரும். அலைச்சல்தான் மிச்சம்.

18 மெஷினையும் அரை நாள் ஓட்டறதை விட, 9 மெஷினை முழு நாள் ஓட்டுங்க. பீஸ் ரேட் டெய்லருக்கு அரை நாள் கூலி கட்டாது, நல்ல கை முதல்ல போயிரும். அடுத்த வார வேலை எவ்வளவுன்னு புதன்கிழமையே உள்ளதைச் சொல்லிருங்க. நிக்கிற மெஷின்ல ஊசித்தட்டைக் கழட்டி, துணியைத் தள்ளற பல்லுக்கு அடியில அடைஞ்ச பஞ்சை எடுத்து, ஆயில் மாத்தி வைங்க. காலையில ஷெட்டைத் திறக்க ஒரு வேலையாச்சு.

கணக்குநோட்டு:
நிக்கிற பில்லுக்கு: சிறு தொழிலுக்கான அரசுப் பதிவான உத்யம், சரக்கு கொடுக்கறதுக்கு முன்னாடியே இருந்துச்சா? இருந்தா, பார்ட்டி பணம் கட்ட எழுத்து ஒப்பந்தம் இல்லாட்டி 15 நாள், ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள்தான் கெடு. தாண்டினா ரிசர்வ் வங்கி அறிவிக்கிற பேங்க் ரேட்டுங்கிற வட்டியில மூணு மடங்கு, மாசாமாசம் கூட்டு வட்டி. சிறு தொழில் நிலுவைக்கான அரசு இணையதளத்துல புகார் போடலாம். பில், டெலிவரி சலான், வாங்கினதுக்குக் கையெழுத்து மூணும் வேணும்.

பவர்டேபிள்18:
பதிவு 2022-லயே இருக்குங்க. புகார் போட்டா அடுத்த வேலை தரமாட்டாங்களே?

கணக்குநோட்டு:
அதனால முதல்ல பார்ட்டியோட ஆடிட்டர்கிட்ட பேசுங்க. கெடுவுக்குள்ள கட்டாத தொகையை, கட்டுற வருஷத்துலதான் அவங்க வருமான வரியில செலவாக் காட்ட முடியும். மார்ச் 31 நெருங்கறப்ப இந்தப் பேச்சுக்கு மதிப்பு அதிகம். அடுத்த வேலைக்குப் பாதி முன்பணம் கேளுங்க.

ஓவர்லாக்:
ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்கறேன், சனிக்கிழமைக்காக மீட்டர் வட்டி வாங்கிறாதீங்க. பேங்க் தவணை 90 நாள் தாண்டினா வாராக்கடன் ஆயிரும். 30 நாளுக்குள்ளயே அந்த 13 வார நோட்டோட மேனேஜரைப் பாருங்க, தவணையை மாத்திக் கேக்க அதுதான் ஆதாரம்.