ட்ராவெட் சுண்டெலிகள்: ஒரு கூட்டத்தில் வலிப்பே இல்லை, இன்னொன்றில் 4 வாரத்துக்குள் பாதி சாகின்றன

நரம்பணு கேட்டது:

ட்ராவெட் நோய்க்குறிக்கான (குழந்தைப் பருவத்தில் தொடங்கும் கடுமையான வலிப்பு நோய்) ஒரு மருந்தைச் சோதிப்பதற்காக, நரம்பணுக்களின் சோடியம் சேனலை உருவாக்கும் எஸ்சிஎன்1ஏ ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் முடக்கப்பட்ட சுண்டெலிகளை (ஹெட்) வளர்க்கிறோம். 129எஸ்6 இனத்தில் வந்தவை. அவற்றைத் தங்களுக்குள்ளேயே இணைசேர்த்து வருகிறோம். பிசிஆர் மரபணுச் சோதனையில் ஹெட் என்று தெளிவாகத் தெரிகிறது, ஆனால் 2 மாத வயதிலும் தானாக வலிப்பு வந்ததாகப் பதிவில்லை. பிளாக் 6 இனத்தோடு கலந்து எடுத்த குட்டிகளிலோ நிலைமை தலைகீழ்: தாயிடமிருந்து பிரிக்கிற வாரத்தில் பாதி செத்துவிடுகின்றன, ஈஈஜி (மூளை மின்னலைப் பதிவு) பொருத்த ஆளே மிஞ்சுவதில்லை. உடலை மெல்லச் சூடேற்றிப் பார்க்கும் வெப்பச் சோதனையில் ஒரு குட்டிக்கு 39 டிகிரியில் வலிப்பு வருகிறது, அதன் உடன்பிறப்புக்கு 42-லும் வரவில்லை. இதில் எது மாதிரியின் இயல்பு, எது எங்கள் பிழை?

கூண்டுப்பதிவு பதில்:

முதல் இரண்டும் மாதிரியின் இயல்புதான். இந்த ஜீனைப் பொறுத்தவரை எலியின் இனப்பின்னணி பாதி விதியைத் தீர்மானிக்கிறது. 129எஸ்6-இல் ஹெட் எலிகள் வெளிப்படையான வலிப்பு இல்லாமல் முழு ஆயுளும் வாழும். அதே முடக்கத்தை பிளாக் 6ஜே-உடன் கலந்த முதல் தலைமுறையில் பார்த்தால், 3-வது வாரத்திலிருந்து தானாக வலிப்பு வரும், சாவும் தொடங்கும்.

ஆகவே வம்சத்தை 129எஸ்6-இல் காப்பாற்றுங்கள், சோதனைக்கான குட்டிகளைத் தனியாக எடுங்கள். ஹெட் எலியைச் சுத்தமான 129எஸ்6-உடன் சேர்த்துக்கொண்டே போவது ஒரு வரிசை. அந்த வரிசையின் ஹெட் ஆணை பிளாக் 6ஜே பெண்ணோடு சேர்ப்பது இன்னொரு வரிசை. சோதனைக்கு இந்த முதல் தலைமுறைக் குட்டிகள் மட்டும். பிளாக் 6 தாய்கள் குட்டிகளை நன்றாக வளர்க்கும் என்பதும் ஒரு வசதி. முதல் தலைமுறைக் குட்டிகளை மறுபடி தங்களுக்குள் சேர்த்தால் ஒவ்வொரு குட்டியிலும் பின்னணி வேறுவேறாகச் சிதறும். பிறகு எந்த முடிவும் நிலைக்காது.

ஹெட்டை ஹெட்டோடு சேர்ப்பதை இன்றே நிறுத்துங்கள். நாலில் ஒன்று இரண்டு பிரதியும் போன குட்டியாகப் பிறக்கும். அது தள்ளாடி, 15 நாள் வாக்கில் இறந்துபோகும். உங்களுக்கு அதனால் பயனில்லை, அந்தக் குட்டிக்கு வேதனை மட்டுமே.

பிளாக் 6 என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அதன் உள்வகைகளில் எது, ஜே-யா, என்-னா? இதில் அலட்சியம் கூடாது. 6ஜே இனத்தில் காப்ரா2 ஜீனின் இன்ட்ரானில் (புரதமாக மாறாத இடைப்பகுதியில்) ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து விடுபட்டிருக்கிறது. அதனால் மூளையில் காபா (நரம்பணுக்களை அடக்கும் வேதிப்பொருள்) ஏற்பியின் ஆல்ஃபா-2 அலகு குறைவாகவே உருவாகிறது. ட்ராவெட் எலிகள் 6ஜே கலப்பில் இவ்வளவு கடுமையாகப் பாதிக்கப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்த எழுத்தைத் திருத்தினால் உயிர்பிழைப்பு கூடுகிறது. கூண்டு அட்டையில் இனத்தின் முழுப்பெயரை எழுதுங்கள், எங்கிருந்து வந்தது என்பதையும்.

வெப்பமானி பதில்:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். முதலில் வயதைப் பாருங்கள். பிறந்த நாளை 0 என்று வைத்துக்கொண்டால், ஒரு வம்சத்தில் 17-18 நாள் குட்டிகளுக்கு வெப்பத்தில் வலிப்பு வரவில்லை, 20-22 நாள் குட்டிகளுக்கு வந்தது என்று பதிவே இருக்கிறது. இரண்டு நாள் வித்தியாசம் முடிவையே புரட்டிவிடும். ஒரே நாள் வயதில் மட்டும் சோதியுங்கள்.

சோதனை முறை: மெல்லிய மலக்குடல் வெப்ப உணரியை உயவுப்பசை தடவிச் செருகி, வாலோடு சேர்த்து நாடாவால் ஒட்டுங்கள். 37 டிகிரியில் 5 நிமிடம் பழகவிடுங்கள். பிறகு வெப்பக் கட்டுப்படுத்தியோடு இணைந்த விளக்கால் 2 நிமிடத்துக்கு 0.5 டிகிரி வீதம் ஏற்றுங்கள். வலிப்பு வந்தவுடன் அல்லது 42.5-ஐத் தொட்டு 3 நிமிடம் ஆனவுடன் விளக்கை அணைத்துக் குளிர்ந்த உலோகத் தட்டில் வைத்து, 37-க்கு இறங்கும்வரை கூடவே இருங்கள். பிறழ்வில்லாத உடன்பிறப்புகள் பொதுவாக 42.5 வரை தாங்கும். அவற்றுக்கும் வலிப்பு வந்தால் உங்கள் கருவியைச் சந்தேகியுங்கள்.

39-க்கும் 42-க்கும் இடையிலான சிதறலுக்குப் பெரும்பாலும் உணரிதான் காரணம். குட்டி நெளியும்போது அது அரை சென்டிமீட்டர் வெளியே நழுவினாலே அளவு குறைத்துக் காட்டும்; கட்டுப்படுத்தி அதை நம்பி இன்னும் சூடேற்றும். நீங்கள் 39 என்று எழுதும்போது உடல் 40-ஐத் தாண்டியிருக்கும். உணரியில் ஆழத்தை மையால் குறித்துவிட்டு, வலிப்பு வந்த கணத்தில் குறி அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நழுவியிருந்தால் அந்த அளவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஈரமான குட்டி மெதுவாகவே சூடேறும், சிறுநீர் கழித்திருந்தால் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

இன்னொன்று: ஒருமுறை வெப்பத்தில் வலிப்பு வந்த ஹெட் குட்டிக்கு அடுத்த நாள்களில் தானாக வரும் வலிப்பும் கூடும். சில ஆய்வகங்கள் இதைத் தெரிந்தே பயன்படுத்துகின்றன. ஆனால் அப்படிப்பட்ட குட்டியை ‘இயல்பான உயிர்பிழைப்பு’க் கணக்கில் சேர்த்தால் கணக்கே பொய்.

நரம்பணு:

ரொம்ப நன்றி. அப்படியானால் சாவை எப்படிச் சமாளிப்பது? 35-வது நாளில் மிஞ்சியவற்றை வைத்து மருந்தைத் தொடங்கலாமா?

கூண்டுப்பதிவு:

வேண்டாம். 35-வது நாளில் உயிரோடு இருப்பவை லேசான நோய் உள்ளவை. கடுமையானவை ஏற்கெனவே போய்விட்டன. மருந்து வேலை செய்ததா, தேறிய எலிகளைத் தேர்ந்தெடுத்ததால் நன்றாகத் தெரிகிறதா என்று பிரிக்கவே முடியாது. 12-14 நாளில் காதுத் துண்டு எடுத்து பிசிஆர் பார்த்துவிடுங்கள். ஒவ்வோர் ஈற்றுக்குள்ளேயே ஹெட் குட்டிகளை மருந்துக்கும் வெற்றுக் கரைசலுக்கும் குலுக்கிப் பிரியுங்கள். ஹெட்டும் பிறழ்வில்லாததும் அந்த வயதில் சரிபாதி வரவேண்டும். அப்போதே ஹெட் குறைந்தால் பிசிஆரில் கோளாறு. 4-வது வாரத்தில் குறைந்தால் அது நோய்.

இறந்த குட்டி பின்னங்கால்கள் விறைத்துப் பின்னோக்கி நீண்டு கிடந்தால், இழுப்பு வந்து இறந்ததென்று கொள்ளலாம். வால் நுனியை எடுத்து மறுபடி பிசிஆர் செய்யுங்கள், அட்டை மாறியிருக்க வாய்ப்புண்டு. தாயிடமிருந்து பிரிப்பதையும் அறுவையையும் அறை மாற்றுவதையும் ஒரே வாரத்தில் குவிக்காதீர்கள். 16-வது நாளிலிருந்து ஊறவைத்த தீவனத்தைக் கூண்டின் தரையிலேயே வையுங்கள். வலிப்புக்குப் பின் சோர்ந்த குட்டிக்கு மேலே உள்ள தட்டு எட்டாது.

அலைப்பதிவு பதில்:

ஈஈஜி பற்றி ஒரு சொல். 20 நாள் குட்டி ஏறத்தாழ 10 கிராம்தான், மண்டையோடு மெல்லியது. மின்முனைத் திருகாணி ஆழமாக இறங்கினால் மூளைப் புறணியில் காயமாகும், அந்தக் காயமே கூர் அலைகளைக் கிளப்பும். ஆகவே அதே அறுவை செய்த, பிறழ்வில்லாத உடன்பிறப்பு கட்டாயம் வேண்டும். 18 முதல் 28 நாள் வரை அறுவையே இல்லாமல் அகச்சிவப்பு வெளிச்சத்தில் 24 மணி நேர வீடியோ மட்டும் வையுங்கள். முழு உடலும் வெட்டி இழுக்கும் வலிப்பு அதிலேயே தெரியும். வலிப்புகள் கொத்தாக வந்து, பிறகு பல நாள் வராமலும் இருக்கும் என்பதால் பகலில் மட்டும் சில மணி நேரம் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று எழுத முடியாது. 129எஸ்6 எலிகளில் வலிப்பில்லை என்ற உங்கள் பதிவும் எப்படிப் பார்த்து எழுதியது என்று சரிபாருங்கள்.

மருந்துக்கு ஒப்பீடாக வலிப்படக்கி மருந்தான குளோபசாமை வையுங்கள். அது வெப்ப வரம்பை உயர்த்தாவிட்டால் உங்கள் சோதனை இன்னும் தயாராகவில்லை. சோடியம் சேனல்களை அடைக்கும் கார்பமசெபைன், லாமோட்ரிஜின் போன்றவை ட்ராவெட் குழந்தைகளுக்கு வலிப்பைக் கூட்டக்கூடியவை. இந்த எலிகளில் சோடியம் மின்னோட்டம் குறைவது முக்கியமாக மற்ற அணுக்களின் செயலை அடக்கும் நரம்பணுக்களில், இது 2006-இலேயே காட்டப்பட்டது. ஏற்கெனவே தளர்ந்த அந்த அணுக்களை இன்னும் அமுக்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். உங்கள் மருந்து உடல் வெப்பத்தைக் குறைக்கிறதா என்பதையும் தனியாக அளந்துவிடுங்கள். குறைத்தால், வலிப்பு வரும்வரை ஆன நிமிடங்களை ஒப்பிடாதீர்கள், வலிப்பு வந்த டிகிரியை மட்டும் ஒப்பிடுங்கள்.