ரிசீவருக்கு 'பெறுநர்' வேண்டாமே

அண்ணா, வணக்கமுங்க.

வழக்கில் மாட்டிய சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் நியமிக்கும் 'ரிசீவர்' என்பவருக்கு, நம் கலைச்சொல் பட்டியலுக்காக நீங்கள் முன்வைத்த 'பெறுநர்' கடித உறையைத்தான் நினைவூட்டுகிறது. அதுகூடப் பரவாயில்லை. ரிசீவர் தனக்கென்று எதையும் பெறுவதில்லையே, அதுதான் என் தடை.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு கடன் வழக்கில் மாட்டியிருக்கிறது என்று வையுங்கள். தீர்ப்பு வரும்வரை காய் காத்திருக்காது. ஒன்றரை மாதத்துக்கு ஒரு வெட்டு விழுந்தாக வேண்டும். கடன்பட்டவரை வெட்டவிட்டால் காசு போய்விடும், கடன் கொடுத்தவரை விட்டால் தோப்பே போய்விடும். அதனால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908, 40-ஆம் கட்டளைப்படி நீதிமன்றம் ஒருவரை நியமிக்கிறது. எங்கள் பக்கம் பெரும்பாலும் ஒரு வக்கீலை. (பார்த்துவிட்டு வந்து அறிக்கை கொடுக்கும் வக்கீல் கமிஷனர் வேறு. ஊரில் இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள்.) இவர் ஈடு கட்டி, காய் வெட்டி விற்று, கணக்கு ஒப்படைக்க வேண்டும். வேண்டுமென்றே கடமை தவறியோ படு அலட்சியத்தாலோ நட்டம் வந்தால் இவர் தலையில்தான் விழும். ஆனால் இரு தரப்புக்கும் இவர் ஆள் இல்லை, நீதிமன்றத்தின் கை. எனவே 'கையேற்பாளர்' என்பது என் பரிந்துரை. 'கையகப்படுத்துநர்' என்று மட்டும் வைத்துவிடாதீர்கள், நிலம் எடுக்க வந்தவர் என்று காட்டுக்காரர்கள் கூடிவிடுவார்கள்.

தீர்ப்புக்கு முன் வந்தால் 'இடைக்காலக் கையேற்பாளர்'. தீர்ப்புக்குப் பின் கடனை வசூலிக்க அதே சட்டத்தின் 51-ஆம் பிரிவில் வந்தால் 'நிறைவேற்றக் கையேற்பாளர்'.

சரி, 'சொத்தாட்சியர்' என்று செய்தித்தாளில் வருகிறதே என்றீர்கள். அது திவால் வழக்குக்குப் பொருந்தும். மஞ்சக் கடுதாசி கொடுத்தவர் திவாலானார் என்று நீதிமன்றம் தீர்த்துவிட்டால், 1920-ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டப்படி சொத்தின் உரிமையே அவர் கையைவிட்டுப் போகிறது. அதைத் தன் வசம் எடுத்துக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடும் அஃபீஷியல் ரிசீவர் ஆள்கிறவர்தான். சென்னைக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், அங்கே அவர் அஃபீஷியல் அசைனி. தோப்பு ரிசீவருக்கோ உரிமை கிடையாது, பொறுப்பு மட்டுமே. இன்னொரு சிக்கல்: அரசுக்கு வரி கட்டும் நிலமானால், 40-ஆம் கட்டளை, 5-ஆம் விதிப்படி மாவட்ட ஆட்சியரையே அவர் இசைவோடு ரிசீவராக்கலாம். 'ஆட்சியர் சொத்தாட்சியரானார்' என்று எழுதிப் பாருங்கள், சிரிப்பு வரும்.

அடமானம் வாங்கிக் கடன் கொடுத்தவர், சொத்துரிமை மாற்றுச் சட்டம் 69அ பிரிவில் தாமே வைக்கும் ரிசீவரை நம் பட்டியலில் சேர்க்க வேண்டாம். அவரைச் சட்டம் கடன்பட்டவரின் முகவராகவே கொள்கிறது.

ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. நூல் மில்லை ஓட்டவும் சொல்லி நியமித்தால் என்ன சொல்வது? எங்கள் அப்பாரு இருந்திருந்தால் 'பண்ணையம் பாக்கறவரு' என்று முடித்திருப்பார். 'கையேற்பு மேலாளர்' என் காதுக்கே உறுத்துகிறது. நீங்கள் ஒன்று சொல்லுங்கண்ணா.